தேர்த்தூண் கடையும் கணினி: மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன் ஆலயத்தார் அறிய வேண்டியவை

திருவிழா என்றதும் ஜொகூர் வாழ் இந்துப் பெருமக்களின் உள்ளத்தில் முதலில் எழுந்து நிற்பது தேரின் தோற்றமேயாகும். மேளமும் நாதசுரமும் முழங்க, மலர்மாலைகள் அசைந்தாட, விளக்கொளியில் இறைவன் வீதியுலா வரும்போது நம் கண்கள் திருமேனியை விட்டு அகல்வதில்லை. அத்திருமேனியைச் சூழ்ந்து நின்று விமானத்தைத் தாங்கும் தூண்களை நாம் கூர்ந்து நோக்குவது அரிது. ஆயினும் தேருக்கு அழகும் உறுதியும் தருபவை அத்தூண்களே. தாமரை இதழ், மாலைத்தொங்கல், கலசம், கும்பம், பலகை, போதிகை என ஒவ்வோர் உறுப்பும் சிற்ப நூல்கள் வகுத்த அளவின்படி அமைந்தால்தான் அது திருத்தேர். இல்லையேல் அலங்கார வண்டியே.

இத்தூண்களைச் செதுக்கும் பணியில் அண்மைக் காலமாகக் கணினி நுழைந்துள்ளது. மரத்துண்டைச் சுழற்றிச் சுழற்றி, எண்கள் இடும் கட்டளைப்படி வெட்டுமுனை தானே ஓடிச் சிற்பம் செதுக்கும் சி.என்.சி. இயந்திரங்களை இன்று மரப்பட்டறைகளில் எளிதாகக் காணலாம். திருப்பணிக் குழுவினர் ஒப்பந்தம் பேசும்போது, "எந்த இயந்திரம்? என்ன விலை? எத்தனை நாளில் முடியும்?" என்று கேட்கின்றனர். "எந்த மென்பொருளைக் கொண்டு செதுக்குவீர்கள்?" என்று கேட்பவர் அரிதினும் அரிது. தூணின் அளவும் அழகும் பெரிதும் அக்கேள்வியையே பொறுத்தவை. அதனைக் கேட்க அறிந்திருப்பது உபயதாரர்தம் பணத்தையும் இறைபணியின் தூய்மையையும் காக்கும் என்பதனால் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

மண்ணும் மரமும்

ஜொகூர் மாநில ஆலயங்களின் வரலாறு காலத்திற்கேற்ப மாறிவந்த கட்டுமானப் பொருள்களின் வரலாறுமாகும். தோட்டப்புறங்களில் பால்மரங்களுக்கு நடுவே ஓலைக்கூரையும் பலகைச் சுவருமாகத் தோன்றிய சிறு கோயில்கள் பல, பின்னர்க் கல்லும் சுதையும் கொண்டு எழுந்தன. ஜொகூர் பாரு அருள்மிகு ராஜமாரியம்மன் தேவஸ்தானம் 1911-ஆம் ஆண்டில் தோன்றியது. 1922-இல் எளிய குடிலாகத் தொடங்கிய அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் ஆலயம், இன்று சுவரும் கூரையும் தூணும் வண்ணக் கண்ணாடிச் சில்லுகளால் மின்னும் கண்ணாடி ஆலயமாக உலகப் பயணிகளையும் ஈர்க்கிறது. பொருள் மாறியது, வழிபாடு மாறவில்லை. ஆகவே புதிய கருவி ஒன்று வரும்போது அதனைக் கண்டு அஞ்சுவதோ கண்மூடித் தழுவுவதோ நம் மரபன்று. அக்கருவி எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்று தேர்ந்து தெளிதலே முறையாகும்.

இம்மாநிலத்திற்கு இப்பொருளில் தனிச்சிறப்பும் உண்டு. மூவார் நகரம் மலேசியாவின் மரத்தளவாடத் தொழிலுக்குத் தலைநகர் எனப் பெயர் பெற்றது. நாற்காலிக் கால்களையும் கட்டில் தூண்களையும் கடைந்து ஏற்றுமதி செய்யும் தொழிற்கூடங்கள் நிறைந்த மாநிலத்தில், சுழற்றிச் செதுக்கும் இயந்திரம் புதுமைப் பொருளன்று. செங்கால், மெர்பாவ் போன்ற வலிய மரங்களும் இந்நாட்டில் விளைபவை. இயந்திரமும் மரமும் அருகிலேயே இருக்க, தூண்களைக் கடல் கடந்து தருவிக்க வேண்டுமா என்று நிர்வாகத்தினர் எண்ணுவது இயல்பே. ஆனால் கட்டில்கால் கடைந்து பழகிய கணினிக்குத் தாமரைக்கட்டின் இலக்கணம் தெரியாது. அதனைத் தெரிவிப்பவர் தபதியாராகவும், தெரிவித்ததைப் பிழையின்றி மரத்திற்குக் கொண்டு செல்வது மென்பொருளாகவும் இருத்தல் வேண்டும்.

தொள்ளாயிரம் ஆண்டுக்கு முந்திய கடைசல்

"ஆலயப் பணியில் இயந்திரமா?" என்று முகம் சுளிக்கும் அன்பர்களும் உள்ளனர். அவர்கள் ஒருமுறை கருநாடகத்துப் பேலூரை நினைத்துப் பார்க்கலாம். ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் 1117-இல் எழுப்பிய சென்னகேசவர் ஆலயத்தின் மண்டபத்துள், வழவழப்பான வட்ட வளையங்களோடு கூடிய கல்தூண்கள் நிற்கின்றன. மென்மையான மாக்கல்லை நிறுத்திச் சுழலச் செய்து, உளியைப் பிடித்துக் கடைந்தெடுத்த தூண்கள் அவை என்பது கட்டடக்கலை ஆய்வாளர்களின் கருத்து. மணிபோலவும் குடம்போலவும் அமைந்த அவ்வுருவங்களில் சுழற்சியின் தடங்களை இன்றும் காணலாம்.

எனவே சுழலும் பொறி ஆலயத்திற்குப் புதிதன்று. அன்று உளியைப் பிடித்த கை சிற்பியினுடையது; எங்கே அழுத்துவது, எங்கே விடுவது என்று அறிந்த அறிவும் அவனுடையதே. இன்று வெட்டுமுனையை நகர்த்துவது மென்பொருள். சிற்பியின் அறிவு அம்மென்பொருளுக்குள் எவ்வாறு செல்கிறது, செல்லும் வழியில் எங்கே சிதைகிறது என்பதே நாம் ஆராய வேண்டிய பொருள்.

நான்காவது அச்சு

வழக்கமான சி.என்.சி. இயந்திரம் மூன்று திசைகளில் இயங்கும். நீளவாட்டில் எக்ஸ், அகலவாட்டில் ஒய், மேலும் கீழுமாக இசட். கதவுப் பலகையில் கொடிக்கருக்குச் செதுக்க இம்மூன்றும் போதும். தூணைச் செதுக்குவதற்கு மரத்தை இரு முனைகளிலும் பற்றிச் சுழற்றும் நான்காவது அச்சு ஒன்று வேண்டும். அதனை 'ஏ' அச்சு என்பர். மரம் தன்னைத்தானே சுற்ற, வெட்டுமுனை நீளவாட்டில் ஓடியும் ஆழத்தில் ஏறியிறங்கியும் செதுக்கும். இதுவே சுழல் செதுக்கல்.

இதற்கு மூவகை மென்பொருள் தேவைப்படும். உருவத்தை வரைவது ஒன்று. அவ்வுருவத்தைச் செதுக்க வெட்டுமுனை எவ்வழியே ஓட வேண்டும் என்று கணக்கிட்டு, ஜி-கோடு எனப்படும் கட்டளை வரிகளாக எழுதுவது மற்றொன்று. அவ்வரிகளைப் படித்து இயந்திரத்தின் மோட்டார்களை ஓட்டுவது மூன்றாவது. பட்டறையாளர் "எங்களிடம் மென்பொருள் இருக்கிறது" என்று சொல்லும்போது இம்மூன்றனுள் எதைக் குறிக்கிறார் என்று கேட்டறிதல் நலம். முதல் இரண்டையும் ஒன்றாகச் செய்யும் மென்பொருள்களும் உள.

தூணின் வடிவமே வழிகாட்டி

எந்த மென்பொருள் சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்தத் தூணுக்கு எது பொருந்தும் என்று கேட்டால் விடை கிடைக்கும். அதற்கு நம் சிற்ப நூல்களே வகைப்படுத்தி வைத்துள்ளன. நான்கு பட்டைத் தூண் பிரம்மகாந்தம். எட்டுப் பட்டைத் தூண் விஷ்ணுகாந்தம். பதினாறு பட்டையாகவோ வட்டமாகவோ அமைவது ருத்ரகாந்தம். இப்பழைய பகுப்பு, இன்றைய கணினித் தொழிலின் பகுப்போடு வியக்கத்தக்க வகையில் ஒத்து நிற்கிறது.

பிரம்மகாந்தத் தூணுக்குத் தொடர்ந்து சுழலும் செதுக்கலே வேண்டுவதில்லை. ஒரு முகத்தைச் செதுக்கி முடித்து, மரத்தை 90 பாகை திருப்பி நிறுத்தி, அடுத்த முகத்தைச் செதுக்கினால் போதும். விஷ்ணுகாந்தத்திற்கு 45 பாகை வீதம் எட்டு முறை திருப்ப வேண்டும். இதனை நிறுத்திச் சுழற்றும் முறை எனலாம். ஒவ்வொரு முகமும் தட்டையான பலகையே ஆதலால், மூன்று அச்சுக்குரிய எளிய மென்பொருளே இதற்குப் போதுமானது. 24 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள எட்டுப் பட்டைத் தூணில் ஒவ்வொரு பட்டையும் ஏறத்தாழ 9.9 சென்டிமீட்டர் அகலம் வரும். அவ்வகலத்துள் அடங்கும் பூவேலையைத் தட்டையாக வரைந்து எட்டு முறை ஓட்டினால் தூண் நிறைவுறும். இவ்வகைத் தூணுக்காக விலையுயர்ந்த சுழல் மென்பொருளின் கட்டணத்தை ஆலயத்தின் தலையில் சுமத்தினால், அது தேவையற்ற செலவே.

ருத்ரகாந்த வட்டத்தூணுக்குத்தான் தொடர்ந்து சுழலும் முறை தேவை. தூணின் மேற்பரப்பை ஒரு துணிபோல் விரித்துத் தட்டையாக வைத்து, அதன்மேல் உருவை வரைந்து, பின்னர் மீண்டும் தூணைச் சுற்றிப் போர்த்துவதுபோல் மென்பொருள் கணக்கிடும். இங்கிலாந்து நாட்டு வெக்ட்ரிக் நிறுவனத்தின் வி-கார்வ் புரோ, ஆஸ்பயர் ஆகியவை இம்முறையில் பெயர் பெற்றவை. கொடிக்கருக்கு, மாலை, இதழ்வரிசை போன்ற திரும்பத் திரும்ப வரும் வேலைப்பாடுகளுக்கு இவை பெரிதும் உகந்தவை. இவ்விரண்டனுள் ஆஸ்பயர் விலை கூடியது. புடைப்பு உருவங்களை அதற்குள்ளேயே உருவாக்கவும் திருத்தவும் இயலும். வேறோரிடத்தில் உருவாக்கிய உருவை ஏற்றுச் செதுக்குவது மட்டுமே வேலையெனில் வி-கார்வ் புரோ போதுமானதாகலாம்.

மூன்றாவது வகை யாளித்தூண். நின்று பாயும் யாளியும், அதன் காலடியில் யானையும், மேலே வீரனும் எனத் திரண்டு நிற்கும் உருவத்தை விரித்த துணியில் வரைய முடியாது. அதனை முப்பரிமாண முழு உருவாகவே கணினியில் வனைய வேண்டும். பிளெண்டர் போன்ற கட்டணமில்லா மென்பொருளிலேயே இது இயலும். கைவண்ணம் மிக்க வரைஞர் வேண்டும், அவ்வளவே. அம்முழு உருவை எஸ்.டி.எல். என்னும் பொதுவடிவக் கோப்பாக எடுத்து, நெதர்லாந்து நாட்டின் டெஸ்க்புரோட்டோ, ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் ஃபியூஷன், பவர்மில் போன்றவற்றுள் ஒன்றில் இட்டு வெட்டுப்பாதை கணக்கிடலாம். ஆயினும் நான்கு அச்சு இயந்திரத்தில் வெட்டுமுனை எப்போதும் தூணின் மையம் நோக்கியே இறங்கும். யாளியின் வாய்க்குள் உருளும் பந்தையும், துதிக்கையின் பின்புறத்தையும் அது தொட இயலாது. அவ்விடங்கள் உளிக்கே உரியவை. "எல்லாவற்றையும் இயந்திரமே செய்துவிடும்" என்று ஒருவர் சொல்வாராயின், அவர் உருவைத் தட்டையாக்கிவிடப் போகிறார் என்பதே பொருள்.

நம் ஆலயத் தூண்கள் பெரும்பாலும் கலப்பு வடிவின. அடியில் சதுரம், இடையில் எட்டோ பதினாறோ பட்டையுடைய கட்டு, மீண்டும் சதுரம், மேலே வட்டமான கலசமும் கும்பமும் என ஒரே தூணில் மூவகையும் அமையும். அத்தகைய தூணுக்கு, நிறுத்திச் சுழற்றுவதையும் தொடர்ந்து சுழற்றுவதையும் ஒரே மரத்தில் அடுத்தடுத்துச் செய்ய வல்ல மென்பொருளும், அதனை இயக்கிப் பழகிய ஆளும் வேண்டும். ஒப்பந்தக்காரரிடம் முதலில் வினவ வேண்டியது இதுவே.

தாலம் பிறழும் இடம்

இனி, மிகவும் கவனிக்கத்தக்க ஒன்றைக் கூறுவோம். துணிபோல் விரித்துப் போர்த்தும் முறையில் மென்பொருள் ஒரே குறுக்களவை வைத்தே கணக்கிடுகிறது. ஆனால் நம் தூண்கள் ஒரே பருமனின அல்ல. அடி பருத்து நுனி சிறுக்கும், கும்பத்தில் விரிந்து கண்டத்தில் குறுகும்.

அடியில் 30 சென்டிமீட்டர், நுனியில் 24 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள தூண் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அடியின் சுற்றளவு 94.2 சென்டிமீட்டர், நுனியின் சுற்றளவு 75.4 சென்டிமீட்டர். அடியின் அளவுக்கு வரைந்த உருவை நுனியில் போர்த்தினால் அதன் அகலம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும், உயரமோ குறையாது. இதழ்வரிசையாயின் கண்ணுக்கு அவ்வளவாகத் தோன்றாது. அவ்விடத்தில் தெய்வ உருவோ துவாரபாலகர் முகமோ அமைந்திருப்பின் என்னாகும்? முகம் நீண்டு ஒடுங்கும், தோள் குறுகும். முகத்தை அளவுகோலாக்கி முழு உடலையும் பகுத்த தாலக் கணக்கு அங்கே பிறழ்ந்துவிடுகிறது. ஒரு யவம் பிசகினும் மனம் பொறாத மரபில் வந்த சிற்பிக்கு இது பெரும் பிழை. கணினித் திரையில் தட்டையாகப் பார்த்து ஒப்புதல் கையெழுத்திட்ட நிர்வாகத்தினருக்கோ தூண் வந்து இறங்கும் வரை இது தெரியவே தெரியாது.

இதற்கு மாற்று உண்டு. உருவம் அமையும் இடத்தின் சுற்றளவைக் கணக்கிட்டு, அவ்விடத்திற்கென அகலத்தை முன்கூட்டியே பெருக்கி வரைந்து கொள்ளலாம். அல்லது சிறுக்கும் தூணை முழு உருவாகவே வனைந்து, டெஸ்க்புரோட்டோ போன்ற முறையில் நேரடியாகச் செதுக்கலாம். எவ்வழியாயினும், தட்டைப் படத்தை மட்டும் காட்டி ஒப்புதல் பெற இடங்கொடுக்கலாகாது. தூணைச் சுற்றிப் போர்த்திய தோற்றத்தைத் திரையில் சுழற்றிக் காட்டும் வசதி மேற்சொன்ன மென்பொருள்கள் எல்லாவற்றிலும் உண்டு. தபதியார் உடனிருந்து, அளவுகோல் வைத்துப் பார்த்து, அதன்பின் ஒப்புதல் வழங்குவதே தக்கது.

மற்றொரு பிழை தூணின் முதுகில் தோன்றும். குறைந்த விலை இயந்திரங்கள் பலவற்றில் நான்காவது அச்சுக்கெனத் தனி இணைப்பு இல்லை. ஒய் அச்சின் கம்பியைக் கழற்றிச் சுழல் மோட்டாரில் மாட்டி ஓட்டுகின்றனர். அப்போது கட்டளை பாகைக் கணக்கில் செல்லாமல் மில்லிமீட்டர் கணக்கில் செல்கிறது. 24 சென்டிமீட்டர் குறுக்களவுக்கு எழுதிய கோப்பை, உண்மையில் 23.6 சென்டிமீட்டராகக் கடைந்து இயந்திரத்திலும் அவ்வாறே குறித்த மரத்தின்மீது ஓட்டினால், உருவம் ஒரு முழுச் சுற்றைத் தாண்டி ஏறத்தாழ ஒன்றேகால் சென்டிமீட்டர் மேலேறும். பதினாறு இதழ்த் தாமரையில் பதினாறாவது இதழ் முதல் இதழை வெட்டிக்கொண்டு நிற்கும். பாகைக் கணக்கில் கட்டளை எழுதினால் இப்பிழை எழாது. எந்தக் கணக்கில் எழுதுவது என்பதைத் தீர்மானிப்பது போஸ்ட் பிராசசர் என்னும் மொழிமாற்றிப் பகுதி. மென்பொருள் எவ்வளவு உயர்ந்ததாயினும், அந்தக் குறிப்பிட்ட இயந்திரத்திற்குரிய சரியான மொழிமாற்றி அதனிடம் இல்லையேல் பயனில்லை.

நேரமும் செலவும்

கூலிக் கணக்கிலும் மென்பொருளுக்குப் பங்குண்டு. 2 மீட்டர் நீளமும் 24 சென்டிமீட்டர் குறுக்களவும் உள்ள தூணை, 6 மில்லிமீட்டர் பந்துமுனை கொண்டு 0.6 மில்லிமீட்டர் இடைவெளியில் செதுக்கினால், வெட்டுமுனை ஏறத்தாழ 1,257 முறை தூணின் நீளத்தைக் கடக்க வேண்டும். அது இரண்டரைக் கிலோமீட்டர் ஓட்டமாகும். நிமிடத்திற்கு 3 மீட்டர் வேகத்தில் இறுதிச் செதுக்கலுக்கு மட்டும் 14 மணி நேரம் செல்லும். இடைவெளியை 0.9 மில்லிமீட்டராக்கினால் அதே வேலை ஒன்பதரை மணிக்குள் முடியும். எப்படியும் சிற்பி உளியால் ஒருமுறை தடவப் போகிறார் எனில், அந்நுண்மைக்காகக் கூடுதல் கூலி கொடுக்க வேண்டியதில்லை. முகமும் விரலும் உள்ள இடத்தில் நெருக்கமாகவும், வெற்றிடத்தில் அகலமாகவும் ஓடுமாறு பகுதி பகுதியாகப் பிரிக்க வல்ல மென்பொருள் ஆலயத்தின் பணத்தை மிச்சப்படுத்தும்.

பன்னிரண்டு ஆண்டும் கோப்பின் ஆயுளும்

நம் ஆலயங்களில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி செய்து கும்பாபிஷேகம் நடத்துவது மரபு. அடுத்த திருப்பணியில் ஒரு தூண் பழுதுபட்டிருந்தால் அதே அளவில் மற்றொன்று செதுக்க வேண்டிவரும். அப்போது அந்தக் கணினிக் கோப்பு திறக்குமா?

மரச்செதுக்கல் உலகில் நெடுங்காலம் கோலோச்சிய ஆர்ட்கேம் என்னும் மென்பொருளின் கதையை இங்குக் கூறுதல் தகும். இங்கிலாந்தின் டெல்கேம் நிறுவனம் உருவாக்கிய அதனை, அந்நிறுவனத்தோடு சேர்த்து 2014-இல் ஆட்டோடெஸ்க் வாங்கியது. 2018-இல் ஆர்ட்கேம் விற்பனை நிறுத்தப்பட்டது. நற்பேறாக அதன் உரிமை கார்வெகோ என்னும் நிறுவனத்தின் கைக்குச் சென்று அப்பெயரில் தொடர்கிறது. இல்லையேல் உலகெங்கும் பட்டறைகளில் கிடந்த எண்ணற்ற வடிவங்கள் திறவுகோல் இழந்த பெட்டகங்களாகியிருக்கும். ஃபியூஷன் மென்பொருளின் தனிப்பயன் இலவச உரிமத்திலிருந்து பல்லச்சுச் செதுக்கும் வசதி 2020-இல் நீக்கப்பட்டதும் இத்தகைய மற்றொரு பாடம். இரண்டு கும்பாபிஷேகங்களுக்கு இடையே உள்ள காலம், ஒரு மென்பொருளின் ஆயுளைக் காட்டிலும் நீண்டதாக இருக்கக்கூடும்.

ஆகவே ஆண்டுக் கட்டணம் செலுத்தும் வரை மட்டுமே திறக்கும் மென்பொருளையோ, தன் சொந்த வடிவிலன்றி வேறெதிலும் கோப்பைத் தராத மென்பொருளையோ மட்டும் நம்பியிருத்தல் கூடாது. பணி முடிந்ததும், மூல வடிவக் கோப்பு, எஸ்.டி.எல். பொதுவடிவக் கோப்பு, ஜி-கோடு வரிகள், தபதியாரின் அளவு குறித்த வரைபடத்தின் தாள் பிரதி ஆகிய நான்கையும் ஆலய அலுவலகம் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும். இதனை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளாவிடில், உபயதாரர் பணத்தில் உருவான வடிவம் பட்டறையின் சொத்தாகவே நின்றுவிடும். மென்பொருள்கள் மறைந்தாலும் தாளில் எழுதிய அளவு மறையாது என்பதனையும் நினைவில் கொள்க.

இவ்விடத்தில் ஒரு சொல். உரிமம் பெறாத திருட்டுப் பிரதியைக் கொண்டு செதுக்கும் பட்டறைகள் இருக்கக்கூடும். பிறர் உழைப்பைக் களவாடிய கருவியால் இறைவனுக்குத் தூண் நிறுத்துவது தகுமா என்பதனை அன்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பிறர் வரைந்து விற்கும் வடிவங்களை அனுமதியின்றி எடுத்தாள்வதும் அவ்வாறே.

கணினி தீண்டலாகாத எல்லை

இயந்திரத்தின் பயனைக் கூறினோம். அதன் எல்லையையும் கூறுதல் கடமையாகும். ஹவாயில் உள்ள காவாய் தீவில், சற்குரு சிவாய சுப்பிரமுனியசுவாமிகள் எழுப்பத் திருவுளங்கொண்ட இறைவன் திருக்கோயிலின் கருங்கற்கள் அனைத்தும் சிற்பிகளின் கையுளியாலேயே செதுக்கப்பட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. பெருந்தபதி வை. கணபதி ஸ்தபதியாரின் வடிவமைப்பில், பெங்களூருக்கு அருகே 1990-இல் தொடங்கிய கற்பணி பல்லாண்டுகள் நீடித்துக் கடல் கடந்து சென்றது. 2023-இல் அத்திருக்கோயிலின் கும்பாபிஷேகம் நிறைவேறியது. அவ்வளவு காலத்தையும் பொறுமையையும் எல்லா ஆலயங்களும் பெற இயலாது. ஆயினும் கைவேலையே உயர்ந்த அளவுகோல் என்பதனை அக்கோயில் உலகுக்கு உணர்த்தி நிற்கிறது.

மூலவர் திருமேனியையும் உற்சவரையும் கணினியிடம் ஒப்படைத்தல் ஆகாது. தியான சுலோகத்தை மனத்திற்கொண்டு விரதமிருந்து சிற்பி வடிக்கும் உருவம் வேறு. அணியாக நிற்கும் தூணும் சட்டமும் வேறு. தூணிலும்கூட, தெய்வ உருவங்களுக்கு இயந்திரம் கரடாக வெட்டித் தந்தால் போதும். இறுதி அரை சென்டிமீட்டரைச் சிற்பியின் உளிக்கு விட்டுவிட வேண்டும். மென்பொருளில் "இவ்வளவு கனம் மீதம் விடு" என்று கட்டளையிடும் வசதி எளிதாகவே உண்டு. கண் திறத்தல் தபதியார் கையாலன்றி நிகழலாகாது.

பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரிலும் கள்ளக்குறிச்சியிலும் தேரும் வாகனமும் செய்யும் மரச்சிற்பிகளின் கலை புவிசார் குறியீடு பெற்றுள்ளது. அச்சிற்பியரில் ஒருவரை வரவழைத்து, கரட்டு வேலையை ஜொகூரிலேயே இயந்திரத்தில் முடித்து, நிறைவு வேலையை அவர் கையில் ஒப்படைத்தால், நாள்களும் சேமிப்பாகும், மரபும் தழைக்கும். நம் இளைஞர்களுள் கணினி பயின்றோர் அவரருகே அமர்ந்து தூண் உறுப்புகளின் பெயரையும் அளவையும் கற்றுக்கொள்வாராயின், அடுத்த திருப்பணிக்கு நம் மண்ணிலேயே அறிந்தவர் இருப்பர்.

நிர்வாகத்தினர் கேட்க வேண்டிய வினாக்கள்

திருப்பணிக் குழுவினரின் வசதிக்காக, முன் கூறியவற்றை வினாக்களாகத் தொகுத்துத் தருகிறோம்.

1. எங்கள் தூண் பட்டையா, வட்டமா, முழு உருவமா? ஒவ்வொன்றுக்கும் எந்த மென்பொருளைப் பயன்படுத்துவீர்கள்?

2. அம்மென்பொருளுக்கு உரிமம் உங்கள் பெயரில் உள்ளதா?

3. தூண் சிறுக்கும் இடத்திலும் விரியும் இடத்திலும் உருவின் அகலத்தை எவ்வாறு சரி செய்வீர்கள்? போர்த்திய தோற்றத்தைத் தபதியாருக்குத் திரையில் காட்டுவீர்களா?

4. கட்டளை பாகைக் கணக்கிலா, மில்லிமீட்டர் கணக்கிலா? மரத்தைக் கடைந்தபின் அளந்து கோப்பில் திருத்துவீர்களா?

5. முழு மரத்தில் ஓட்டுமுன், மலிவான மரத்தில் ஒரு சாண் நீளத்திற்கு மாதிரி செதுக்கித் தருவீர்களா?

6. தெய்வ உருவங்களில் உளிக்கென எவ்வளவு கனம் விடுவீர்கள்?

7. பணி முடிவில் நான்கு கோப்புகளையும் ஆலயத்திடம் ஒப்படைப்பீர்களா?

இவற்றுள் ஐந்தாவது வினாவைப் பெரிதும் வற்புறுத்துகிறோம். திரையில் காணாத பிழை மரத்தில் தெரியும். ஒரு சாண் மரத்தில் கண்ட பிழைக்குச் செலவு சிறிது. நன்கு உலராத மரத்தில் எவ்வளவு துல்லியமாகச் செதுக்கினும் பிளவு ஏற்படும் என்பதனால், மரம் உலர்ந்த பின்னரே மாதிரியும் செய்தல் வேண்டும்.

தைப்பூசத்தன்று ஜொகூர் மாநிலத்திற்கே பொது விடுமுறை. அந்நாளில் தேரின் முன் கைகூப்பி நிற்கும் முதியவர் ஒருவர் தம் பேரனைத் தோளில் தூக்கி, "அந்தத் தூணைப் பார், அது நம் குடும்பத்து உபயம்" என்று காட்டுவார். அத்தூணில் தாமரை இதழ் ஒன்றையொன்று வெட்டாமலும், துவாரபாலகர் முகம் ஒடுங்காமலும் இருப்பது அவருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை. திருப்பணியில் ஈடுபட்டுள்ள அன்பர் அனைவருக்கும் இறையருள் துணை நிற்பதாக!